ஊர் சொல்லும் குற்றம் வேறு, நோட்டீஸ் சொல்லும் குற்றம் வேறு

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மினி பஸ் ஓட்டுநர். 17 வயது மகள் 400 மீட்டர் ஓட்டக்காரி, விளையாட்டு விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறார். காலாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர் அங்கிருந்தே ஜூனியர் தேசியப் போட்டிக்குப் போய் வெண்கலம் வாங்கினார். ஓட்டம் முடிந்ததும் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். சில வாரம் கழித்து தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடமிருந்து, அதாவது ‘நாடா’விடமிருந்து நோட்டீஸ் வந்தது. மாதிரியில் டெர்பியூட்டலின் என்ற பொருள் இருக்கிறது, விளக்கம் கொடுங்கள், தாமாக முன்வந்து தற்காலிகத் தடையை ஏற்கிறீர்களா என்றும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தது.

நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதற்குள் உள்ளூர் யூடியூப் சேனல் ஒன்று பிள்ளையின் பெயர், பள்ளி, பதக்கத்தோடு நிற்கும் படம் எல்லாவற்றையும் போட்டு, ‘ஸ்டீராய்டு ஊசி போட்டு ஓடிய மாணவி சிக்கினார்’ என்று வீடியோ வெளியிட்டுவிட்டது. தெரு வாட்ஸ்அப் குழுவில் அது சுற்றியது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஓட்டுநர் காதுபடப் பேசுகிறார்கள். விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளை, ஷோகேஸில் இருந்த பதக்கங்களை எடுத்து ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கட்டி பரண்மேல் வைத்துவிட்டது.

அவர் கேட்பது இவ்வளவு: “குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதிதானே மேடம்? பி சாம்பிள் கேட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? போட்டி அகாடமிக்காரர்கள் புரோட்டீன் பவுடரில் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகம், பிரஸ் மீட் வைக்கலாமா? சேனல்காரன்மேல் பத்து லட்சம் கேட்டு மானநஷ்ட வழக்குப் போடலாமா? இலங்கை கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவையே விட்டுவிட்டார்களே, என் பிள்ளையையும் அப்படி விடுவார்களா?”

நடுவில் ஒரு வரி: “அந்த வாரம் சளி, இருமல் என்று ஒரு டானிக் வாங்கிக் கொடுத்தேன். அதைத் தவிர ஒரு மாத்திரைகூட அவள் வாயில் வைக்கவில்லை.”

*

ஐயா, நீங்கள் இணைத்திருந்த நோட்டீஸ் நகலை முதலில் படித்தேன், அப்புறம்தான் கடிதத்தை. அதனால் அந்த டானிக் வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

டெர்பியூட்டலின் ஸ்டீராய்டு இல்லை. மூச்சுக்குழாயைத் தளர்த்துகிற மருந்து. ஆஸ்துமாவுக்கும் சளி கட்டிய இருமலுக்கும் கொடுப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் ‘இருமலுக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டால் எடுத்துத் தருகிற சிரப்புகள் பலவற்றில் ப்ரோம்ஹெக்சின், குவைஃபெனெசின் என்ற இரண்டோடு மூன்றாவதாக இதுவும் இருக்கும். லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் இது போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளிலும் தடை செய்யப்பட்ட பொருள்.

எனவே இன்றைக்கே அந்த பாட்டிலைத் தேடுங்கள். மிச்சம் இருந்தால் கொட்டாதீர்கள், கழுவாதீர்கள், மூடியைத் திருகி ஒரு கவரில் போட்டு ஒட்டி வையுங்கள். லேபிளையும் பேட்ச் எண்ணையும் தெளிவாகப் படம் எடுங்கள். வாங்கிய கடையில் பில் நகல் கேளுங்கள். ஜிபேயில் பணம் கொடுத்திருந்தால் அந்தத் தேதியே ஒரு சாட்சி. லேபிளில் டெர்பியூட்டலின் இல்லை என்றால் நான் சொன்னது தப்பு, வேறு பக்கம் தேட வேண்டும். இருந்தால், உங்கள் வழக்கில் பாதி அந்த பாட்டிலுக்குள் இருக்கிறது.

இதைப் படித்ததும் ‘நான்தான் பிள்ளைக்கு விஷம் கொடுத்துவிட்டேனா’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இருமுகிற பிள்ளைக்கு டானிக் வாங்கிக் கொடுக்காத அப்பா யார்? ஆனால் கொடுத்தது நீங்கள் என்பதற்கு சட்டத்தில் ஒரு விளைவு உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

நிரபராதி என்ற கணக்கு இங்கே வேறு

‘நிரூபிக்கும்வரை நிரபராதி’ என்பது கிரிமினல் கோர்ட்டின் விதி. இது கிரிமினல் வழக்கே அல்ல. 2022-ல் வந்த தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம், தடை செய்யப்பட்ட பொருள் உடம்பில் இருந்ததற்காக ஒரு வீரரைச் சிறைக்கு அனுப்பாது. வீட்டுக்கு போலீஸ் வரும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

ஆனால் கிரிமினல் வழக்கு இல்லை என்பதற்கு வேறு விலை உண்டு. உடம்புக்குள் என்ன போனாலும் வீரரே பொறுப்பு என்பதுதான் இந்த விதிகளின் அடிப்படை. தெரிந்து குடித்தாரா, தெரியாமல் குடித்தாரா என்பது முதல் கட்டத்தில் கேள்வியே இல்லை. மாதிரியில் இருந்தால் மீறல் நடந்துவிட்டது. அடுத்த கட்டத்தில்தான், எவ்வளவு தண்டனை என்ற இடத்தில்தான், உங்கள் பக்கக் கதைக்கு மதிப்பு. அங்கே பெரும்பாலும் நிரூபிக்கிற பாரம் வீரர்மேல் இருக்கும். பார்க்க அநியாயமாகத்தான் தோன்றும். எனக்கும் சில வழக்குகளில் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்ற ஒரு வார்த்தை போதும் என்றால் ஒருவர்மேலும் நடவடிக்கை எடுக்க முடியாது என்பதும் உண்மை.

உங்கள் மகளுக்குச் சாதகமாக மூன்று விஷயங்கள் இருக்கின்றன. டெர்பியூட்டலின் விதிகளில் ‘குறிப்பிட்ட பொருள்’ என்ற வகையில் வருகிறது. விளையாட்டு சம்பந்தமில்லாத காரணத்துக்காக ஒருவர் சாப்பிட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்று கருதப்படும் வகை இது. வேண்டுமென்றே செய்தார் என்று நாடா நிரூபித்தால் ஒழிய உச்சபட்சத் தடை இரண்டு ஆண்டு. ஸ்டீராய்டு என்றால் கணக்கு நாலு ஆண்டிலிருந்து ஆரம்பித்திருக்கும். இரண்டாவது, வயது. 18-க்குக் கீழே, பதிவு செய்யப்பட்ட சோதனைப் பட்டியலில் (தொடர்ந்து சோதிப்பதற்காகப் பெயர் குறித்து வைத்திருக்கும் வீரர்களின் பட்டியல்) இல்லை, வயது வரம்பில்லாத சர்வதேசப் போட்டி எதிலும் ஓடியதில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் ‘பாதுகாக்கப்பட்ட நபர்’ என்ற வகைக்குள் வருகிறார். பெரிய தவறு அவர் பக்கம் இல்லை என்று காட்டினால், வெறும் எச்சரிக்கையிலிருந்து இரண்டு ஆண்டுவரை எதை வேண்டுமானாலும் விசாரணைக் குழு விதிக்கலாம். பொருள் எப்படி உடம்புக்குள் வந்தது என்று காட்டியே தீரவேண்டும் என்ற நிபந்தனைகூட இந்த வகையினருக்கு இல்லை. இருந்தாலும் காட்டுங்கள். மருந்து இதுதான் என்று பாட்டிலை மேஜையில் வைப்பதற்கும், ‘எப்படி வந்ததோ’ என்று கையை விரிப்பதற்கும் குழுவின் கண்ணில் நிறைய வித்தியாசம் உண்டு.

மூன்றாவதை நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். மாதிரி எடுக்கும்போது ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்து, சத்துப் பொருள் என்ன என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். பிள்ளை அதில் ‘இருமல் மருந்து’ என்று எழுதியதா? எழுதியிருந்தால் மறைக்க நினைக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. எழுதவில்லை என்றால் அது கேள்வியாக வரும், பதில் யோசித்து வையுங்கள். டானிக்கை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை என்பது உண்மையான பதில்தான், ஆனால் அதைப் பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டும்.

இப்போது அந்த விளைவு. ‘எந்தத் தவறும் இல்லை’ என்று முழுமையாக விடுவிப்பது மிக அரிது. வீட்டில் உள்ளவர்களோ, மருத்துவரோ, பயிற்சியாளரோ கொடுத்தார்கள் என்பதை அந்த முழு விடுதலைக்கான காரணமாக விதிகள் பொதுவாக ஏற்பதில்லை. உங்கள் இலக்கு ‘குறிப்பிடத்தக்க தவறு இல்லை’ என்ற முடிவு. அதிலும் எச்சரிக்கையோடு முடிவது. இன்னொன்று, பெற்றோரும் இந்த விதிகளின் வரையறைக்குள் வருகிறவர்கள்தான். அதனால் ‘நான்தான் வாங்கிக் கொடுத்தேன்’ என்ற வாக்குமூலத்தை மறைக்கவும் வேண்டாம், நீங்களாகவே வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பவும் வேண்டாம். ஒரு வழக்கறிஞரை வைத்து அஃபிடவிட்டாகப் போடுங்கள். செலவு கையைக் கடிக்கும் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்ணுக்கும் சிறாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி கேட்கும் உரிமை உண்டு. பிள்ளை பெயரில் மனு கொடுங்கள்.

குசல் பெரேராவுக்கு நடந்தது

இவரைப் பற்றி நீங்கள் கேட்டது நல்லது. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல.

2015 டிசம்பரில் அவர் மாதிரியில் 19-நார்ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஸ்டீராய்டு வகைப் பொருள் இருந்ததாகக் கத்தார் நாட்டு ஆய்வகம் சொன்னது. நியூசிலாந்து தொடரிலிருந்து எடுத்தார்கள். நாலு வருடத் தடை என்று செய்தி பரவியது. அவர் பி சாம்பிள் கேட்டார். அதுவும் பாசிடிவ்.

பி சாம்பிள் என்பது அதே சிறுநீரின் இன்னொரு பாட்டில், அதே ஆய்வகத்தில் திறப்பது. லேபிள் மாறியிருந்தால், கலப்படம் ஆகியிருந்தால் அது காப்பாற்றும். பொருள் உண்மையிலேயே சிறுநீரில் இருந்தால் பி சாம்பிளும் அதையேதான் சொல்லும். பெரேராவைக் காப்பாற்றியது விஞ்ஞானம். இலங்கை கிரிக்கெட் வாரியம் செலவு செய்து வெளிநாட்டு வழக்கறிஞர்களையும் நிபுணர்களையும் வைத்தது. தடை மருந்து எடுத்ததால்தான் அந்தப் பொருள் வந்திருக்க முடியும் என்ற ஆய்வகத்தின் முடிவை அவர்கள் அலசினார்கள். அந்த முடிவு நிற்கவில்லை. ஆய்வகமே அறிக்கையைத் திரும்பப் பெற்றது. 2016 மே மாதம் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் குற்றச்சாட்டை வாபஸ் வாங்கியது.

அதற்குள் இந்தியாவில் நடந்த டி20 உலகக் கோப்பை முடிந்துவிட்டது. அந்த மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. 2019 பிப்ரவரியில் டர்பன் டெஸ்டில் 304 ரன்னைத் துரத்தும்போது, ஒன்பது விக்கெட் போனபிறகு விஷ்வ பெர்னாண்டோவை எதிர்முனையில் நிறுத்திக்கொண்டு 78 ரன் சேர்த்து, 153 நாட் அவுட்டாக நின்று ஜெயித்தாரே, அந்த ஆள்தான் இவர். 2015 டிசம்பரில் ‘இவன் கதை முடிந்தது’ என்று எழுதியவர்களும் அன்றைக்குக் கை தட்டியிருப்பார்கள்.

உங்கள் மகளின் வழக்கு இந்த மாதிரி அல்ல ஐயா. அங்கே ஆய்வகத்தின் முடிவே தவறு. உங்கள் விஷயத்தில் நான் சந்தேகிப்பது சரி என்றால் ஆய்வகம் சொன்னது உண்மை, ஊர் சொல்வதுதான் பொய். ‘ஊசி போட்டாள்’, ‘ஸ்டீராய்டு’, ‘கோச் விற்றார்’ என்பவை எதுவும் நோட்டீஸில் கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஊருக்குப் பதில் சொல்கிற வேகத்தில் ஆய்வகத்தையும் சேர்த்து மறுத்தீர்கள் என்றால், விசாரணையில் உங்கள் நம்பகத்தன்மை போய்விடும்.

அப்போது பி சாம்பிள் கேட்கலாமா? உரிமை உண்டு, கட்டணம் உண்டு, நோட்டீஸில் கெடு தேதியும் இருக்கிறது. டானிக்கில் டெர்பியூட்டலின் இருப்பது உறுதியானால் நான் கேட்கமாட்டேன். பணமும் நாளும்தான் போகும். இல்லை என்றால் கட்டாயம் கேளுங்கள், அதோடு சோதனை எப்படி நடந்தது என்று காட்டும் ஆய்வக ஆவணத் தொகுப்பையும் கேளுங்கள்.

சதி என்று சொல்வதற்கு முன்

பிரஸ் மீட் வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

2016-ல் மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் ரியோ ஒலிம்பிக்ஸுக்குப் போகும் முன் மெத்தாண்டியெனோன் என்ற ஸ்டீராய்டில் மாட்டினார். சோனிபத் பயிற்சி முகாமில் ஒரு ஜூனியர் தன் பானத்தில் கலந்துவிட்டான் என்றார். நாடா குழு ஆகஸ்ட் 1 அன்று அதை ஏற்று விடுவித்தது. நாடே கொண்டாடியது. உலக முகமை விடவில்லை, மேல்முறையீடு செய்தது. ஆகஸ்ட் 18 அன்று, அவர் களம் இறங்க வேண்டிய நேரத்துக்கு முதல் நாள், ரியோவிலேயே விளையாட்டு நடுவர் நீதிமன்றம் நாலு ஆண்டுத் தடை விதித்தது. அவர் உடம்பில் இருந்த அளவு, பானத்தில் கலந்த பொடியோடு பொருந்தவில்லை, மாத்திரை விழுங்கியதோடுதான் பொருந்துகிறது என்று நிபுணர் சொன்னதை நீதிமன்றம் ஏற்றது. சதிக்கு ஆதாரம் இல்லை என்றது.

இங்கே இரண்டு பாடம் இருக்கிறது. விடுதலை என்பது முதல் குழுவோடு முடிவதில்லை, எதிர்த்தரப்பும் மேலே போகலாம். அப்புறம், சதி என்றால் யார், எப்போது, எதில், எவ்வளவு என்பதற்கு ஆதாரம் வேண்டும். உங்களிடம் இருப்பது ‘அந்த அகாடமி கோச் அன்று ஒருமாதிரி சிரித்தார்’ என்பது மட்டும்தான். அதை மைக் முன்னால் சொன்னால் சேனல்காரர்மேல் நீங்கள் போட நினைக்கிற மானநஷ்ட வழக்கை அவர்கள் உங்கள்மேல் போடுவார்கள். போன வாரம் உங்கள் பிள்ளைக்கு ஊர் செய்ததை நீங்கள் இன்னொருவருக்குச் செய்ததாகவும் ஆகும்.

தற்காலிகத் தடையை ஏற்பதா

இது நிஜமாகவே யோசிக்க வேண்டிய கேள்வி. ‘குறிப்பிட்ட பொருள்’ என்பதால் தற்காலிகத் தடை கட்டாயம் அல்ல. ஏற்றால், அந்த நாட்கள் கடைசியில் வரும் தடையிலிருந்து கழிக்கப்படும். ஏற்காமல் அடுத்த மாதம் மாநிலப் போட்டியில் ஓடினால், பின்னால் தடை வரும்போது அங்கே வாங்கிய பதக்கமும் பறிபோகலாம், தடையும் தள்ளி ஆரம்பிக்கலாம். ஆகவே எச்சரிக்கையோடு முடியும் என்ற நம்பிக்கை பலமாக இருந்தால் எதிர்க்கலாம். சில மாதத் தடையாவது வரும் என்று தோன்றினால் ஏற்பது லாபம். டானிக் பில்லும் படிவமும் கையில் இருந்து வழக்கறிஞரும் தைரியம் சொன்னால் ஒழிய, நான் ஏற்கச் சொல்வேன். பிளஸ் டூ பொதுத்தேர்வு வருகிற ஆண்டு இது. மாநிலப் போட்டி அடுத்த ஆண்டும் நடக்கும்.

ஏற்றுவிட்டால் விடுதி மைதானத்தில் பயிற்சி எடுக்கக்கூடாது. சங்கமோ அரசு நிதியோ நடத்துகிற முகாம், கிளப் பயிற்சி எல்லாம் தடையில் அடங்கும். ‘சும்மா ஓரமாக ஓடுகிறாள்’ என்று கோச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள், அதை மீறினால் தடையிலிருந்து கழிக்கவேண்டிய நாட்களும் போய்விடும். தனியாக, சொந்தமாக ஊர் ரோட்டிலோ கண்மாய்க் கரையிலோ ஓடுவதை யாரும் தடுக்கமுடியாது.

சேனல்காரரை என்ன செய்வது

வீடியோவில் எது பொய், எது உண்மை என்று முதலில் பிரியுங்கள். ‘சோதனையில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது’ என்பது உண்மை. அதன்மேல் வழக்கு நிற்காது. ‘ஸ்டீராய்டு ஊசி’ பொய். நோட்டீஸில் இருக்கிற பொருளின் பெயரே அதை உடைத்துவிடும். பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவின்படி அவதூறு குற்றம்தான், இரண்டு ஆண்டுவரை சிறையோ அபராதமோ உண்டு. ஆனால் இதற்கு போலீஸ் எஃப்ஐஆர் போடாது, நீங்கள் நேரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கவேண்டும். இழப்பீடு வேண்டும் என்றால் சிவில் வழக்கு. அதற்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டு கெடு. கேட்கிற தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கட்டவேண்டும். பத்து லட்சம் என்று எழுதுமுன் அதை விசாரியுங்கள்.

ஓராண்டு இருக்கிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இன்றைக்கே கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. நாடா விசாரணையின் உத்தரவு கைக்கு வந்தபிறகு போனால் உங்கள் கை ஓங்கியிருக்கும். உத்தரவு அதற்குள் வராவிட்டால் கெடு முடியுமுன் போட்டுவிடுங்கள். இப்போதைக்கு வீடியோவின் லிங்க், தேதி, பார்வை எண்ணிக்கை, கீழே உள்ள கமென்ட்டுகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன் ஷாட்டும் ஸ்கிரீன் ரெக்கார்டும் எடுங்கள். அழித்துவிட்டால் அப்புறம் தேடி அலையவேண்டும். எந்த போனில் எடுத்தீர்களோ அந்த போனை விற்றுவிடாதீர்கள், மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது அது வேண்டும். வழக்கறிஞர் மூலம் சேனலுக்கு ஒரு நோட்டீஸ்: பிள்ளைக்கு 17 வயது, பெயரையும் படத்தையும் எடுங்கள், ஊசி, ஸ்டீராய்டு என்று சொன்னதைத் திருத்துங்கள் என்று. யூடியூபின் குறைதீர் அலுவலருக்கும் அதே புகார். பெரும்பாலான உள்ளூர் சேனல்கள் வக்கீல் நோட்டீஸ் கண்டதும் வீடியோவைத் தூக்கிவிடும். விதிகளைப் பொறுத்தவரை நோட்டீஸ் கொடுத்தபின் வீரரின் பெயரை வெளியிட முகமைக்கு இடமுண்டு. ஆனால் சிறார் விஷயத்தில் இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரை வெளியிடவேண்டாம் என்று உங்கள் பதிலிலேயே கேளுங்கள்.

பெரிய தொகை கேட்டுப் போகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்கிற ஒரு கதை உண்டு. பிரிட்டனின் டயேன் மோடல், 1990 காமன்வெல்த் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்றவர். 1994-ல் லிஸ்பனில் எடுத்த மாதிரியில் டெஸ்டோஸ்டீரோன் எகிறியிருந்தது என்று சொல்லி, கனடாவின் விக்டோரியாவில் நடந்த அடுத்த காமன்வெல்த் போட்டியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு ஆண்டுத் தடை. மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் வெக்கையில் விட்டதால் கிருமி பெருகிக் கணக்கே மாறியிருக்கலாம் என்று மேல்முறையீட்டில் காட்டினார். 1995-ல் தடை நீங்கியது, அடுத்த ஆண்டு சர்வதேசத் தடகளச் சங்கமும் விடுவித்தது. முழு விடுதலை. பிறகு தன் நாட்டு தடகளச் சங்கத்தின்மேல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். பல ஆண்டு இழுத்து, தோற்றார். கையில் மிஞ்சியது 1998 காமன்வெல்த் போட்டியில் ஓடி வாங்கிய வெண்கலம்தான்.

பிள்ளையிடம்

வீட்டில் நீங்களும் அம்மாவும் தாழ்ந்த குரலில் இதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பிள்ளை உள்ளே வந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நோட்டீஸை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பெயர் அவளுடையது, விசாரணையில் பேசப்போவதும் அவள். ஸ்டீராய்டு இல்லை, இருமல் மருந்தாக இருக்கலாம் என்பதை உங்கள் வாயால் கேட்டாலே பாதிப் பாரம் இறங்கும். ‘அப்பா வாங்கிக் கொடுத்தது’ என்பதையும் நீங்களே சொல்லுங்கள்; பின்னால் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடாது.

சாப்பிடாமல், தூங்காமல், ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்பதுபோல் ஏதாவது பேசினால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். சிறார் உதவி எண் 1098-ம் இருக்கிறது.

பஸ்ஸில் கேட்கிறவர்களுக்கு, பள்ளியில் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: “நோட்டீஸ் வந்திருக்கு, பதில் கொடுத்திருக்கோம், முடிவு வரட்டும்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். டானிக் கதையைக்கூட விசாரணைக்கு முன் வெளியே சொல்லவேண்டாம், வாய்க்கு வாய் மாறி வேறு கதையாகத் திரும்பி வரும்.

கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பத்தில் ‘ஊக்கமருந்து நடவடிக்கை ஏதும் உண்டா’ என்று கேட்டிருந்தால் உண்டு என்றே எழுதி, உத்தரவு நகலை இணையுங்கள். அதனால்தான் அந்த உத்தரவின் வாசகம் எனக்கு முக்கியம். ‘குறிப்பிடத்தக்க தவறு இல்லை, இருமல் மருந்தால் வந்தது’ என்று குழு எழுதினால், அந்த ஒரு தாள் ஐந்து வருடம் கழித்தும் பேசும். விசாரணையில் உங்கள் வழக்கறிஞர் அந்த வரியைக் கேட்டு வாங்கவேண்டும்.

உத்தரவு வந்த தேதியைக் கவர்மேல் எழுதி வையுங்கள், மேல்முறையீட்டுக் கெடு அன்றிலிருந்துதான் ஓடும். கெடு எத்தனை நாள் என்பது அந்த உத்தரவிலேயே இருக்கும். புரியவில்லை என்றால் நகலை எனக்கு அனுப்புங்கள்.